மேலேறிய எண்கள்

அந்த ஒரு வரி மட்டும் ஏன் விலகி நிற்கிறது என்பது கோகிலவாணிக்குத் தெரியும். தெரிந்தும் கை எழவில்லை, மடியில் சூடேறிக்கொண்டிருந்த லேப்டாப்பை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே வரிசையாக இருக்கும் இரும்பு நாற்காலிகளில் சுவரோரம் இருப்பதுதான் அவளுடையது, அங்கேதான் பிளக் பாயின்ட் இருக்கிறது, குடிதண்ணீர் மெஷினுக்கு என்று வைத்தது, யாராவது தண்ணீர் பிடிக்க வந்தால் சார்ஜர் வயரைத் தூக்கிப் பிடித்து வழிவிட வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் பூபதி படுத்திருக்கிறார், மத்தியானம் உள்ளே போனவர், ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து மெஷினில் சுத்தமாகித் திரும்ப உடம்புக்குள் போய், அதுவே சுற்றிச் சுற்றி, சாயங்காலம் ஆகிவிடும், வாரத்தில் மூன்று நாள் இப்படி. ஆபீஸில் அவளை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள், அவர்கள் வீடு என்று நினைத்துக்கொண்டிருப்பது இந்த நாற்காலியை. திரையில் பாலிடெக்னிக் மாணவர்களுக்கான வேதியியல் புத்தகம், அச்சில் இருந்ததை வலைப்பக்கமாக்கும் வேலை. பதிப்பாசிரியர் மரகதவல்லி, ரிட்டயரான வேதியியல் பேராசிரியை, நேற்று போனில் சொன்னார், "உங்க பக்கத்துல வரியெல்லாம் பல்லு போன வாய் மாதிரி இருக்கும்மா. ரெண்டு வரி நெருங்கி நிக்குது, மூணாவது தள்ளி நிக்குது. புத்தகத்துல இப்படியா இருக்கு?" புத்தகத்தில் இப்படி இல்லைதான். எந்த வரியில் பத்தின் தோளில் ஒரு சின்ன ஆறு ஏறி உட்கார்கிறதோ அந்த வரி மட்டும் அகலமாகிவிடுகிறது, 10⁶ என்று ஒரே ஒரு இடத்தில் வந்தால் போதும், அந்தக் குட்டி ஆறுக்கும் தனியாக ஒரு வரி உயரம் உண்டு என்று பிரவுசர் நினைக்கிறது, அதை மேலே தூக்கும்போது அந்த உயரத்தையும் சேர்த்தே தூக்குகிறது, மேல்வரியை இடித்துத் தள்ளிவிடுகிறது. சிறிய எழுத்துக்கு வரி உயரம் பூஜ்யம் என்று பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற சிஎஸ்எஸ்ஸில் எழுதிவிட்டால் தீர்ந்தது. எழுத்து தெரியும், ஆனால் இடம் கேட்காது. ஒரே வரி வேலை, எத்தனையோ தடவை செய்த வேலை. காலையில் இதே ஆஸ்பத்திரியில் நஸ்ரீன் சொன்னதும் ஒரே வரிதான்.

அதை இப்போது நினைக்க வேண்டாம். முதலில் இது. பூஜ்யம் என்று போட்டாள், வரிகள் சட்டென்று சமமாயின, ஒரு நொடி மனசும் சமமானது மாதிரி இருந்தது, அப்புறம் பார்த்தால் மேல்வரியில் 'ஆளும்' என்ற சொல்லின் ளு காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நேராக ஆறின் தலையில் இறங்கியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு எழுதிய அளவு தமிழுக்கு ஒத்துவராது, தமிழில் கி, கீ மேலே சுழிக்கும், ழு, ளு, று எல்லாம் கீழே வால் விடும், இரண்டு வரிகளுக்கு நடுவில் ஏற்கெனவே கூட்டம், அதில் இந்த எண்களும் ஏறி இறங்கினால் எங்கே போகும். பக்கம் முழுவதற்கும் வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், எண்ணைத் தன் உயரத்தில் பாதி மட்டும் தூக்க வேண்டும், கீழே இறங்குவதைக் கால் பங்கு. கணக்கு எல்லாம் மனப்பாடம், ஆனால் விரல்கள் வேறு யாருடையதோ போல இருந்தன, கண்ணுக்குப் பின்னால் மணல் கொட்டியது போல. நேற்றும் சரியாகத் தூங்கவில்லை. பூபதிக்கு உடம்பெல்லாம் அரிப்பு, முதுகைச் சொறிந்துவிடச் சொன்னார், சொறிந்தாள், அங்கே இல்லை என்றார், இங்கேயா, அங்கேயும் இல்லை, விடு என்றார், விட்டாள், விட்டதற்கும் ஒரு பெருமூச்சு. தாகம் வேறு. நாள் முழுக்க இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் அளந்து சொன்ன தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறாள், அதைக் காலையிலேயே முக்கால்வாசி குடித்துவிட்டுப் பிறகு ஐஸ் கட்டியை வாயில் அதக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அவளைக் கேட்காத மாதிரி கேட்பார். எதிரே ஒருவர் வந்து மெஷினில் தண்ணீர் பிடித்தார், வயரைத் தூக்கிப் பிடித்தாள், டம்ளர் நிரம்பும் சத்தம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்குமா என்று ஒரு கணம் பயமாக இருந்தது.

போன் அதிர்ந்தது. ஜெபராஜ், அவளுடைய டீம் லீடர், நாகர்கோவில்காரன், வயதில் சின்னவன், அதனால் அவள் அவனுக்கு அக்கா. "அக்கா, டெஸ்ட் சைட்ல சப் எல்லாம் போச்சுக்கா." எந்த சப் என்றாள். "சப்புக்கா." ஆங்கிலத்தில் மேலே ஏறுவது sup, கீழே இறங்குவது sub, வாயில் வரும்போது இரண்டும் ஒரே சப்தான், இந்தக் குழப்பத்தில் போன மாதம் ஒரு பாடம் முழுக்கத் தலைகீழாகப் போய்த் தண்ணீருக்கு ஹைட்ரஜன் மேலே இரண்டு என்று பறந்துகொண்டிருந்தது. "ஏறுற சப்பா, இறங்குற சப்பா?" "ரெண்டும்க்கா. எல்லாம் தரைக்கு வந்திருச்சு, சைஸும் பெருசாயிருச்சு. பத்தின் அடுக்கு மைனஸ் ஏழு இருந்துச்சில்லா, அது இப்போ பத்து மைனஸ் ஏழுன்னு நிக்கி. படிக்கிற பிள்ளை மூணுன்னு விடை எழுதிரும். டிசைன்காரங்க புது ஸ்டைல் ஃபைல் ஏத்திருக்காங்க. சாயங்காலம் மரகதவல்லி மேடம் பாக்கணும்னு சொல்லிருக்காங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஆஸ்பத்திரியிலயாக்கா இருக்கிய? முடியலன்னா சொல்லுங்க, நான் பாக்கேன்." அவன் பார்ப்பான், நல்லவன், ஆனால் அடுத்த மீட்டிங்கில் அக்காவால் முடியவில்லை என்று யாரோ யாரிடமோ இரக்கமாகச் சொல்வார்கள், இரக்கம் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் வேலை போகும், வேலை போனால் இன்சூரன்ஸ் போகும். "நானே பாத்துக்கறேன்" என்றாள். வைத்த பிறகுதான் தோன்றியது, முடியவில்லை என்று சொல்ல, அவள் கேட்காமலேயே ஒருவர் வழி திறந்து வைக்கிறார், இன்றைக்கு இது இரண்டாவது.

காலையில் நஸ்ரீன், சிறுநீரக மாற்றுப் பிரிவின் கோஆர்டினேட்டர், எப்போதும் கையில் ஒரு பேனாவைத் திருகிக்கொண்டே பேசுகிற பெண், அவளைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "கோகிலவாணி, எல்லா டெஸ்ட்டும் வந்திருச்சு. நீங்க குடுக்கலாம், நல்லாப் பொருந்துது." கோகிலவாணி சிரித்தாள் போலிருக்கிறது, சிரிக்க வேண்டிய இடம் என்று முகம் தானே முடிவு செய்திருக்கும். நஸ்ரீன் பேனாவைத் திருகுவதை நிறுத்திவிட்டாள். "இத எல்லார்கிட்டயும் சொல்லுவோம், உங்ககிட்டயும் சொல்றேன். உங்களுக்கு மனசில்லைன்னா தப்பே இல்ல. எங்க கிட்ட மட்டும் சொல்லுங்க. வீட்டுல இருக்கறவங்க கிட்ட பொருந்தலைன்னு மட்டும் சொல்லிருவோம். காரணம் கேட்டா சொல்ல மாட்டோம், யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. யோசிச்சு இந்த வாரத்துக்குள்ள சொல்லுங்க." அந்த நிமிஷத்தில் அவளுக்குள் எழுந்தது என்ன என்பதை அவள் மறைக்க ஆள் இல்லாததால் தனக்குத் தானே மறைத்துக்கொண்டிருக்கிறாள், காலையிலிருந்து சுற்றிச் சுற்றி அதன் பக்கத்தில் போய்த் திரும்பி வருகிறாள். சந்தோஷம். அதுதான். பொருந்துது என்றபோது வராத சந்தோஷம், பொருந்தலைன்னு சொல்லிருவோம் என்றபோது வந்தது, வெயிலில் நடந்து வந்து செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஒரு சந்தோஷம். அடுத்த கணமே பூபதியின் முகம்.

அந்தப் புது ஸ்டைல் ஃபைலைத் திறந்தாள். நீளமாக இருந்தது, யாரோ எங்கிருந்தோ அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள், மேலிருந்து கீழே உருட்ட உருட்டக் கண் வரிகளைப் பார்க்கிறதே தவிரப் படிக்கவில்லை. அம்மா போன வாரம் சொன்னாள், "அம்மிணி, மாப்பிள்ளைக்கு வேணும்தான், யாரு இல்லைங்கறா. ஆனா உனக்கும் ஒரு புள்ள இருக்குது. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா யாரு இருக்கறா?" அம்மா தப்பாகச் சொல்லவில்லை. மகள் தாரணி ப்ளஸ் ஒன், எதுவும் கேட்பதில்லை, கேட்காமல் அவளே சாதம் வைத்துவிடுகிறாள், அந்தக் கேட்காமைதான் பயமாக இருக்கிறது. ஒரு சிறுநீரகத்தை எடுத்தாலும் இன்னொன்றை வைத்து நூறு வருஷம் வாழலாம் என்று டாக்டர் சொன்னார், விலாவுக்குக் கீழே சின்னதாகத்தான் கிழிப்போம் என்றார், சின்னதாக என்று விரலால் காட்டினார், அந்த விரல்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியை அவள் உடம்பு மறக்கவில்லை, புடவைக் கொசுவத்தைச் செருகும்போதெல்லாம் அந்த இடம் தனியாகக் குளிர்கிறது. மயக்க மருந்தில் போய்த் திரும்பி வராவிட்டால். வந்து, அவர் உடம்பு அதை ஏற்காவிட்டால். இரண்டு பேருக்கும் போய். சரி, அதெல்லாம் இருக்கட்டும், உள்ளே இன்னொன்று இருக்கிறது, மீன் முள் மாதிரி, விழுங்கவும் முடியாது எடுக்கவும் முடியாது. எனக்கு வந்திருந்தால் அவர் கொடுப்பாரா? கேட்டதில்லை. கேட்டால் கொடுப்பேன் என்பார், யார்தான் மாட்டேன் என்பார்கள். பம்ப்செட் கம்பெனிக்கு விற்பனைக்காக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தாள், உடுமலையிலிருந்து போன் செய்து, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டு, சரி பாத்துக்க என்றார். பாத்துக்க. அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தார், வரும்போது கரும்புச்சாறு வாங்கி வந்தார், பையில் கட்டி, வழியெல்லாம் ஓட்டையாகி ஒழுகிச் சட்டையெல்லாம் பிசுக்கு. எதை எடுத்துக்கொள்வது, வராத நாளையா, ஒழுகிய சட்டையையா. இவ்வளவு வருஷத்துக்கு அப்புறமும் அவளுக்கு அது தீரவில்லை.

அவருடைய அண்ணன் தண்டபாணி. முதலில் வந்து நின்றவர் அவர்தான். "என் தம்பிக்கு இல்லாததா, ஒண்ணு எடுத்துக்கங்க" என்று இதே வராந்தாவில் சத்தமாகச் சொன்னார், நர்ஸ் வந்து சத்தம் போடாதீங்க என்றாள். டெஸ்ட் எல்லாம் எடுத்தார்கள். பிறகு ஒரு நாள் முகம் தொங்கிப் போய் வந்து பூபதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், பொருந்தலைன்னுட்டாங்கடா என்று. கோகிலவாணியும் அழுதாள். அப்புறம் மாதம் ஒருமுறை ஆப்பிள் வாங்கி வருகிறார், உட்காராமல் நின்றுவிட்டுப் போகிறார், ஏன் உட்கார மாட்டேன் என்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பார். உருட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. பொருந்தலைன்னு மட்டும் சொல்லிருவோம். இத எல்லார்கிட்டயும் சொல்லுவோம். எல்லார்கிட்டயும். அண்ணனிடமும் இதே அறையில், இதே கதவைச் சாத்தி, பேனாவைத் திருகுவதை நிறுத்திவிட்டுச் சொல்லியிருப்பார்கள். நிஜமாகவே பொருந்தாமலும் இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும், இனி ஒருபோதும் தெரியாது. கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை, கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. அந்த மனிதர் ஆப்பிள் பையை நீட்டிவிட்டு வாசலிலேயே நின்றது மட்டும் கண்ணில் நின்றது, உட்கார்ந்தால் பேச வேண்டும், பேசினால் முகத்தைக் காட்ட வேண்டும். நானும் அப்படித்தான் நிற்பேனா, என் வீட்டிலேயே, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில், சாகும்வரை, அவர் சாகும்வரை.

அவள் தேடிய விதி அந்த ஃபைலிலேயேதான் இருந்தது, தாண்டிப் போய்விட்டுத் திரும்ப மேலே வந்தபோது கண்ணில் பட்டது. பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு, ஒரே அடிக்கோட்டுக்கு இறக்கிவிடுகிற விதி, தலைப்பு, பத்தி, அட்டவணை, அந்தக் கூட்டத்தோடு சேர்த்து இரண்டு சப்பையும். எல்லா பிரவுசரிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக முதலில் போட வேண்டிய ஃபைல், இதைக் கொண்டுபோய்க் கடைசியில் போட்டிருக்கிறார்கள், ஒரே எடையுள்ள இரண்டு விதிகளில் பின்னால் வந்தது ஜெயிக்கும், அதனால் அவள் ஏற்றியதை எல்லாம் இது இறக்கிவிட்டது. ஃபைலை முதலாவதாக மாற்றிப் போட்டாள். தன்னுடையதில் பக்கத்தின் வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டினாள், எண்களுக்கு அளவு பெரிய எழுத்தின் முக்கால், வரி உயரம் பூஜ்யம், ஏறுவது பாதி, இறங்குவது கால். பைகார்பனேட் ஒன்றுதான் இடக்கு, அதற்கு ஒரே இடத்தில் கீழே மூன்று, மேலே ஒரு கழித்தல், இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்க வேண்டும் என்று மரகதவல்லி ஒற்றைக்காலில் நிற்கிறார், சாதாரணமாக எழுதினால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். இரண்டையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டு மேலும் கீழுமாக அடுக்கினாள். டயாலிசிஸ் கதவோரமும் பைகார்பனேட் என்று எழுதிய வெள்ளைக் கேன்களை அடுக்கியிருந்தார்கள், தினமும் பார்க்கிற கேன், பாடத்தில் வருகிற அதே சாமான், அது கலந்த தண்ணீர்தான் உள்ளே ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் அவர். போனில் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பத்தின் அடுக்கு மைனஸ் ஏழு, ஏழு தன் இடத்தில், ளுவின் கால் தொடவில்லை, வரிகள் ஒரே சீராக. "சரியாயிருச்சு, பாரு" என்று ஜெபராஜுக்கு அனுப்பினாள். "சூப்பர்க்கா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று வந்தது. லேப்டாப்பை மூடியதும் தொடைமேல் இருந்த சூடு போய், அந்த இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது மட்டும் மிஞ்சியது. வேலை இருந்தவரை அது ஒரு சுவர். மாட்டேன் என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்தாள், சாயங்காலம் நஸ்ரீனுக்கு ஒரு போன், முடிந்தது. சரி என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்தாள், விலாவில் அந்த இடம் குளிர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் எதுவுமே கிடையாதா, யாரும் அவளிடம் நடுவில் ஒன்று இருப்பதாகச் சொல்லவில்லை.

"பூபதி அட்டெண்டர்" என்று கூப்பிட்டார்கள். எடை பார்த்துவிட்டு வந்தார், ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து இடது கையை வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உடம்பிலிருந்து தண்ணீரை எடுத்த பிறகு வருகிற அந்தச் சுருங்கிய முகத்தோடு, வயதானவர் மாதிரியும் சின்னப் பையன் மாதிரியும். "கால் இழுத்துருச்சு இன்னைக்கு" என்றார். லிஃப்ட்டுக்கு முன்னால் கூட்டம், அதனால் ஜன்னலோரம் நின்றார்கள், கீழே அவிநாசி ரோட்டில் வண்டிகள் நகராமல் நின்றுகொண்டிருந்தன. சொல்ல வேண்டும் என்று அவள் முடிவு எதுவும் செய்யவில்லை, வாய் திறந்துகொண்டது. "டெஸ்ட் வந்திருச்சுங்க. பொருந்துதாம்." அவர் பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வேண்டாம்னு சொன்னா, பொருந்தலைன்னு உங்ககிட்ட சொல்லிருவாங்களாம். நஸ்ரீன் சொன்னாங்க." "அப்ப ஏன் சொன்ன?" என்றார். "தெரியல." லிஃப்ட் வந்தது, நிரம்பியிருந்தது, போனது. "பயமா இருக்குங்க. இன்னும் சரின்னு சொல்லல. மாட்டேன்னும் சொல்லல. காலைல அவங்க அப்படிச் சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதையும் சொல்லிர்றேன்." அவர் தலையை ஆட்டினார், ஏதோ விலை கேட்டு நியாயம்தான் என்பது போல. "அண்ணனுக்கும் அப்படித்தான் சொல்லிருப்பாங்க" என்றார். "உங்களுக்குத் தெரியுமா?" "யாரு சொல்லணும். கையப் புடிச்சுட்டு அழுதானல்ல, அப்பவே தெரியும். நான் கேக்கல. கேட்டா அப்புறம் வரவே மாட்டான்."

"நீங்களா இருந்தா குடுத்திருப்பீங்களா?" கேட்டே விட்டாள், முள் வெளியே வந்த மாதிரி இருந்தது. அவர் உடனே பதில் சொல்லவில்லை, அதற்காகவே அவர்மேல் ஒரு பிரியம் வந்தது. "உடனே சரின்னு சொல்லிருப்பேன்" என்றார். "சொல்லிட்டு ராத்திரி பூரா முழிச்சிட்டுக் கெடந்திருப்பேன். காலைல என்ன சொல்லிருப்பேன்னு எனக்குத் தெரியல, வாணி." அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் பயந்தான். நீ சரின்னு சொல்லிருவியோன்னு ஒரு பயம். மாட்டேன்னு சொல்லிருவியோன்னு ஒரு பயம். டெஸ்ட் எடுக்கறப்பவே ஆரம்பிச்சுது" என்றார். அடுத்த லிஃப்ட்டும் நிரம்பியிருந்தது, ஒருவர் இவர் கையைப் பார்த்துவிட்டு வெளியே இறங்கி இடம் விட்டார். கீழே ஆட்டோ கிடைத்தது. குலுங்கும்போது இடது கை இடிபடாமல் இருக்க அவரை ஓரமாக உட்காரவைத்து, அவள் வலப்பக்கம் உட்கார்ந்தாள், வெயில் சாய்ந்து தார்ச்சாலையின் சூடு காலுக்குக் கீழிருந்து ஏறியது, ஹாரன் சத்தம், டீசல் புகை. என்ன சொல்லப் போகிறாள் என்பது இன்னும் அவளுக்குத் தெரியவில்லை, ஆனால் அதை ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு உட்காரவில்லை. எப்போது அவர் தோளில் தலை சாய்ந்தது என்று தெரியாது. பாதித் தூக்கத்தில் ஆட்டோ திரும்புவது தெரிந்தது, வழி சொல்ல வேண்டும் என்று வாயைத் திறக்கப் பார்த்தாள், அதற்குள் அவர் குரல், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்கக் கூடாது என்பது போல மெல்ல, "அந்த பேக்கரி தாண்டித் திரும்பிக்கங்க. மேடு பள்ளம் பாத்து, மெதுவாப் போங்க, தூங்கறா."